தள்ளியவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியின் பிரெஞ்சு வீடுகளைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை படித்தேன். படங்கள் அழகு. ஆனால் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் தாண்டிக் கட்டுரை வாசலுக்குள் போகவே இல்லை.

இங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு புஷ் புஷ் வண்டி நிற்கிறது. நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். துரை முன்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துத் திருப்புவார்; பின்னாலிருந்து தள்ளுவது நம் ஆள். 'அப்போ, ஓட்டினது யாரும்மா?' என்று என் மகன் கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் மனைவி ழான், புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழும் தெரியும். அதனால் நம்மவர்களோடு இணக்கமாக இருந்தார் என்று நினைத்தால், ஆளுநருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். மனிதர் அந்த அம்மாளைப் பற்றிப் பொருமித் தீர்த்திருக்கிறார். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அந்த அம்மாளுக்கிருந்த பங்கையும் எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொன்று. 1761-ல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். கட்டுரையாளர் வியக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு நம் கொத்தனார்கள் எழுப்பியவைதான்.

அடுத்த முறை படம் பிடிக்க வருபவர் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் கொஞ்சம் நடந்து வரட்டும். அந்த வீடுகளில் சமைத்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் சாயங்காலம் திரும்பிப்போன தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி