சூரியனுக்கு செமஸ்டர் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் அறிவியல் கண்காட்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, மறுநாள் நேரிலும் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்ததில் பாதி, காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட். நான் ஆடுதுறையில் பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எந்த சாலிடர் பழகாத கை வைத்தது, எது கடைக்காரர் வைத்தது என்று எனக்குப் பார்த்தாலே தெரியும்.

என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் படித்தாள். இரண்டாம் ஆண்டு முடிகிற சமயத்தில், "அப்பா, சூரிய வெடிப்பை நம்ம கொல்லையிலிருந்தே பிடிக்கலாம்" என்றாள். சூரியனார்கோயில் பக்கத்து ஊர்தான் என்றாலும் எனக்கு நம்பிக்கையில்லை. அப்புறம் விளக்கினாள். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ரேடியோ நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்புகிறது. செய்தி என்ன என்பது நமக்கு வேண்டாம், அலையின் பலம் மட்டும் போதும். சூரியனில் வெடிப்பு நடந்தால் எக்ஸ் கதிர் எட்டு நிமிடம் சொச்சத்தில் இங்கே வந்து, தரைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற காற்று மண்டல அடுக்கில் மின் துகள்களைக் கூட்டிவிடும். அந்த அடுக்கில் பட்டுத் திரும்புகிற அலையின் பலம் அப்போது சட்டென்று மாறும்.

அந்த அலையைப் பிடிக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மீட்டர் மரச்சட்டம், கடையில் மிச்சம் விழுந்த எனாமல் செம்புக் கம்பியில் ஐம்பது சுற்று, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பழைய கணினியின் சவுண்ட் கார்டு. கம்பி சுற்றியது மட்டும்தான் நான். முதலில் மாடியில் வைத்தோம். இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்பு, பக்கத்து வயல் மோட்டார் என்று எல்லா இரைச்சலும் அதில் விழுந்தது. கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோன பிறகுதான், கணினித் திரையில் அலையின் பலத்தைக் காட்டும் கோடு தெளிந்தது. விடியும்போதும் அந்தி சாயும்போதும் கோடு தானாகவே மாறுவதை முதலில் பார்த்த அன்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஐப்பசி இடியில் மறுபடி கோடு குதறிப்போனது வேறு கதை.

2024 மே 11-ஆம் தேதி காலை 6.53-க்கு எக்ஸ் 5.8 என்ற அளவில் ஒரு பெரிய சூரிய வெடிப்பு. அந்த நாட்களில் வந்த காந்தப்புயலில் லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. எங்கள் கணினியோ அணைந்து கிடந்தது. ராத்திரி அணைத்துவிட்டு, காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்பது மணிக்குப் போடுவது எங்கள் வழக்கம்! அன்றிலிருந்து அவள் அதை அணைக்கவே விடவில்லை. பின்னால் பகலில் வந்த சில வெடிப்புகள் சிக்கின. அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் எக்ஸ் கதிர்ப் பதிவோடு நேரத்தை ஒப்பிட்டு நோட்டில் எழுதினாள். சிக்காததையும் எழுதினாள்.

இறுதியாண்டில் இதையே புராஜெக்ட்டாகக் கொடுத்தாள். கல்லூரியில், "மாடல் எங்கே? லைட் எரியுமா?" என்று கேட்டார்களாம். நோட்டை யாரும் திறக்கவில்லை. வாங்கி வைத்தவர்களுக்கு அவளைவிட மதிப்பெண் அதிகம். சரி, அது போகட்டும். ஆனால் மற்ற பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் பத்தாம் வகுப்புதான். ஆனாலும் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். புராஜெக்ட்டைக் கடைசி ஆறு வாரத்தில் திணிக்காதீர்கள், இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க விடுங்கள். வைவாவில் முதலில் நோட்டைக் கேளுங்கள். கம்பி சுற்ற வசதியில்லாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கிற ஆதித்யா-எல்1 விண்கலம் அனுப்பும் தரவுகளை இஸ்ரோ இணையத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கிறது. கோடைக்கானல் ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களும் கணினியில் ஏறிவிட்டன. ஒரு கரும்புள்ளி நகர்வதை நாள்வாரியாக அளந்தாலே சூரியன் எத்தனை நாளில் சுற்றுகிறது என்று கணக்குப் போடலாமாம். இதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

தங்கள் நாளிதழும் கண்காட்சிப் படம் போடும்போது, அதைச் செய்த பிள்ளை எத்தனை நாள் அளந்தது என்று ஒரு வரி கேட்டுப் போட்டால் நன்றாக இருக்கும்.

மரச்சட்டம் இன்னும் கொல்லையில்தான் நிற்கிறது. மாணவர்கள் வந்து பார்க்கலாம். அமாவாசை அன்று மட்டும் கடை கிடையாது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு தகப்பன்,
ஆடுதுறை, தஞ்சாவூர் மாவட்டம்.