காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார அளவிலான கபடியில் நம் பெண்கள் அணி இரண்டாமிடம். கலைத்திருவிழாவிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

அப்புறம், தேர்வுக்கு முந்தைய வாரம் நடந்த அந்தப் பாம்பு விஷயம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புங்கமரத்தில் ஒரு கொம்பேறி மூக்கன் தென்பட்டது. ஒல்லியான உடம்பு, முதுகில் வெண்கல நிறம், பெரிய கண்கள். ஓணானைத் துரத்திக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். அவர்கள் வருவதற்குள் பெற்றோர் சிலர் கம்போடு சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க அதை அடித்தே கொன்றுவிட்டார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. மறுநாள் 26 பேர் பள்ளிக்கு வரவில்லை.

அந்தப் பதிவில் வந்தது பழைய கதைதான்: கொம்பேறி மூக்கன் ஆளைக் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். என் பாட்டியும் இதைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினார். ஆனால் கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. அது மரம் ஏறுவது ஓணான், பல்லி, தவளைக்காக. நம் பக்கம் அதிகம் உயிரைப் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். விஷமுறிவு மருந்தும் இந்த நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் நம் மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தினரும் உண்டு.

மரத்தை வெட்டச் சொல்லி மனு வந்திருக்கிறது. வெட்டப்போவதில்லை. கழிப்பறைக்குப் பின்னால் கிடந்த செங்கல் குவியலை அகற்றச் சொல்லிவிட்டேன். எலி அங்கேதான் தங்குகிறது, எலியைத் தேடித்தான் நல்ல பாம்பு வரும். இத்தனை நாள் அதைக் கவனிக்காதது என் தவறு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பள்ளி நேரத்தில் சுவர் ஏறி வருவதை எந்தக் காரணத்துக்காகவும் இனி அனுமதிக்க முடியாது. அடிக்கப் போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள். அன்று மரத்தடியில் கண்ணாடி விரியன் கிடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

மறுநாள் மூன்றாம் வகுப்புக்குப் போனேன். “சார், அது யாரைக் கடிச்சுது?” என்று ஒரு குழந்தை கேட்டது. “யாரையும் இல்லம்மா” என்றேன். அதற்கு மேல் அது கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை.

ஓடி வந்தவர்கள் பிள்ளைகள் மேலுள்ள பாசத்தில்தான் வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மனமார்ந்த நன்றி. பள்ளி திறக்கும் அன்று எல்லோரும் வாருங்கள், வாசல் வழியாகவே. விடைத்தாளை வாங்கிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்