மாவுக்கட்டு போட்ட முதல் ராத்திரி: நைட் டியூட்டி சிஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எலும்பு முறிவு வார்டு சிஸ்டர்களுக்கு,

நானும் வார்டில் முப்பது வருஷம் ஓடியவள்தான், இப்போது ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் என் பேரன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்தான். அன்றைக்கு நான் துணைக்கு இருந்த பாட்டி, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு வலி ஊசி போட்டார்கள். ஒரு மணிக்குப் பிள்ளை மறுபடி அழுதான். வந்த சிஸ்டர் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார், இரண்டு நொடிக்குள் சிவந்தது, "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு பாட்டி, இன்னொரு ஊசி கேட்டுப் போடறேன்" என்றார். அவர் மேல் கோபமில்லை, முப்பது நோயாளிக்கு அவர் ஒருத்தர்.

ஆனால் நகம் சிவப்பதும் நாடி துடிப்பதும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் (வீக்கத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடுவது) ரொம்ப நேரம் வரை சரியாகவே இருக்கும், அது போகும்போது காரியம் கைமீறியிருக்கும். முதலில் பேசுவது வலிதான். ஊசிக்கும் அடங்காத வலி, மடங்கிக் கிடக்கும் விரலை நாம் மெல்ல நீட்டினால் துள்ள வைக்கும் வலி. தசை 6 மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் தாங்காது. இறுக்கமான கட்டால் தசை செத்து கை சுருண்டுபோவதை ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881லேயே எழுதிவிட்டார்!

நான் அவன் விரலை நீட்டினேன். வீறிட்டான். டியூட்டி டாக்டர் வந்து கட்டை இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே இருந்த பஞ்சையும் தோல் வரைக்கும் பிரித்தார் (பஞ்சை விட்டுவிட்டால் வெட்டியும் பிரயோஜனமில்லை). கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தோம், அதை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கச் சொன்னார்; சாதாரண வீக்கத்துக்குத்தான் உயரம், சந்தேகம் வந்த பிறகு அதுவே ரத்தத்தைக் குறைக்கும். அரை மணி நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டான்.

அதனால் கேட்கிறேன், முதல் நாள் முழுக்க மணிக்கொரு தடவை விரலைத் தொடுங்கள், அடுத்த கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தையென்றால் விளையாட்டாகவே கட்டைவிரலைத் தூக்கச் சொல்லலாம், ஓகே வளையம் காட்டச் சொல்லலாம், விரல்களை விரிக்கச் சொல்லலாம், கைக்குப் போகும் மூன்று நரம்பும் வேலை செய்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், மருதாணி வைத்த நகத்தை அழுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள், விரல் நுனியை அழுத்துங்கள். சார்ட்டில் வெறும் "வலி உண்டு" என்று எழுதாமல், விரலை நீட்டினால் வலிக்கிறதா இல்லையா என்பதை எழுதிவிட்டு டியூட்டி மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வார்டு அக்கா