ஈரப்பதத் தளர்வு ஆணை அறுவடைக்கு முன்பே வேண்டும்: டெல்டா உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மக்களவைத் தொகுதிகளின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும், தமிழ்நாட்டின் பெயரால் மாநிலங்களவையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசி மழையில், அரசின் நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் வாங்கப்படாமல் நனைந்து கிடந்த நெல்லுக்கு என்ன நடந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தீர்கள். மறுநாள் நாளிதழ்களில் படம் வந்தது. அந்தக் கை கீழே இறங்கிய பிறகு நடந்ததைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

மூன்று ஏக்கர்க் குறுவையை அறுத்து, ஏறக்குறைய 150 சிப்பம் (மூட்டை) நெல்லை எங்கள் பகுதிக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். என் முறை வந்த அன்று ஈரப்பதக் கருவி 19.2 விழுக்காடு காட்டியது. அரசு வாங்க அனுமதித்த உச்ச வரம்போ 17. பட்டியல் எழுத்தர் என்னிடம் பள்ளியில் படித்தவர். "சார், 17-க்கு மேல ஒரு புள்ளி எடுத்தாலும் என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க. ஆர்டர் வரட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று தொடங்கி, மழை விட்ட ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் தார்ப்பாயை விலக்கிக் கிளறுவதும், தூறல் விழுந்ததும் ஓடிப்போய் அள்ளி மூடுவதுமாகப் பதினொரு நாட்கள் சென்றன. இரவில் நானும் என் மனைவியும் மாறி மாறிக் காவல் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்பாரத்தின் அடியில் கைவிட்டேன். உலைப்பானையைத் தொட்டதுபோலச் சுட்டது. அள்ளி வெளியே எடுத்தால் வெள்ளை வெள்ளையாய் முளை. நாற்றங்காலில்கூட அவ்வளவு சீராக முளைத்ததில்லை.

இடையில் ஒரு நாள் ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவினர் வந்து, சில பைகளில் மாதிரி எடுத்துக்கொண்டு, அன்போடு இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டுப் போனார்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போயிற்று, அறிக்கை டெல்லிக்குப் போயிற்று, என் நெல் வெளியூர் வியாபாரியின் லாரியில், ஆதார விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு போயிற்று.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் குடிமையியல் நடத்தியவன் என்பதால், இந்த நெல் எந்தெந்த அதிகாரத்தின் கீழ் நனைந்தது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள்களின் வணிகமும் வழங்கலும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. குறைந்தபட்ச ஆதார விலையை ஒன்றிய அமைச்சரவை அறிவிக்கிறது, அதன்மேல் மாநில அரசு ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2002 முதல் நடைமுறையில் உள்ள பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில், அதாவது ஒன்றியத்துக்காக மாநிலமே நெல்லை வாங்கும் முறையில், வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் எந்தத் தரத்தில் வாங்கலாம் என்று விதிப்பது ஒன்றிய உணவுத் துறை. மானியத்தைச் சுமப்பவர் தரத்தை நிர்ணயிப்பதில் தவறில்லை. ஈரம் மிகுந்த நெல் கிடங்கில் கெடும், அரைத்தால் நொறுங்கும் என்பதையும் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை பெய்யும்போது அந்த 17-ஐச் சற்றுத் தளர்த்தும் அதிகாரம் மட்டும் ஏன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. 2022 குறுவையில் மாநில அரசு 22 விழுக்காடு கேட்டது. குழு வந்து பார்த்துச் சென்ற பின் 19 வரை அனுமதி கிடைத்தது. அது கிடைத்தபோது அக்டோபர் முடியப்போகிறது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். தளர்வு ஆணை அறுவடைக்கு முன்பே, செப்டம்பர் முடிவதற்குள், நிபந்தனையோடு பிறப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மாவட்டத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பதிவானால், அன்றே மாவட்ட ஆட்சியர் 22 விழுக்காடு வரை வாங்க உத்தரவிடலாம் என்று அதில் இருக்கட்டும். கூடுதல் ஈரத்துக்கு உரிய தொகையைப் பிடித்துக்கொள்ளட்டும். முளைத்த நெல்லுக்கு வியாபாரி கொடுத்த விலையைவிட அது எவ்வளவோ மேல். ஆய்வுக் குழு பிறகு வந்து கணக்கைச் சரிபார்க்கட்டும். முன்கூட்டியே இசைவு தரும் வழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே 2022-இல், மாநில அரசு கேட்டதால், அக்டோபர் 1-இல் தொடங்க வேண்டிய கொள்முதல் பருவத்தைச் செப்டம்பர் 1-இலேயே தொடங்க ஒன்றிய அரசு இசைந்ததே.

காத்திருப்பது எங்களுக்குப் புதிதன்று. காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். இறுதித் தீர்ப்பு 2007-இல். அது அரசிதழில் ஏறியது 2013-இல். மேலாண்மை ஆணையம் வந்தது 2018-இல். தண்ணீர் இல்லாத ஆண்டிலும் டெல்லியைப் பார்க்கிறோம், தண்ணீர் மிகுந்த ஆண்டிலும் டெல்லியைப் பார்க்கிறோம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. அன்று இந்த ஊருக்கு வழி தெரிந்திருந்தது. எழுத்தில் சூடு கூடிவிட்டது, பொறுத்தருள வேண்டும். உலர்த்தும் இயந்திரங்களும் கூரையுள்ள களங்களும் மாநில அரசின் பொறுப்பு. அதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் தனியே கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். குளிர்காலக் கூட்டத்தொடர் கூடும்போது குறுவை முடிந்து, நெல் முளைத்து, கடன் வட்டியும் ஏறியிருக்கும். அப்போது எழுப்பும் கேள்விக்கு வரும் பதில், நடந்ததற்கான வருத்தமாக மட்டுமே இருக்க முடியும். மழைக்காலக் கூட்டத்தொடரின்போதோ பயிர் பச்சையாக நிற்கும். கட்சி வேறுபாட்டைச் சற்று ஒதுக்கி வைத்து, அவையிலும் உணவுத் துறைக்கான நிலைக்குழுவிலும் இந்த முன்கூட்டிய ஆணையைக் கேட்டு வாங்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எந்த நாளில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று தொகுதி அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால் போதும். மன்னார்குடியிலிருந்து பேருந்தேறி வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்துக் குறுவை விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர்