ஓவு நகரத்துப் பெண்கள் யாருடைய பிரதியும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த கிரேக்க நாடகக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், நைஜீரிய நாடகாசிரியர் ஃபெமி ஒஸோஃபிசானின் ‘ஓவுவின் பெண்கள்’ நாடகத்தை, போரில் வீழ்ந்த டிராய் நகரத்துப் பெண்களின் துயரத்தைச் சொல்லும், பழங்கால கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘டிராய் பெண்க’ளுக்கு ஆப்பிரிக்கப் பிரதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அதை ஏற்க மனம் வரவில்லை.

ஓவு கற்பனை ஊர் இல்லை. இன்றைய தென்மேற்கு நைஜீரியாவில், யொரூபா மக்களின் மண்ணில் நிஜமாகவே இருந்த நகரம். 1820களில் இஃபே, இஜேபு என்ற மற்ற யொரூபா அரசுகளின் படைகளும், ஓயோ பக்கம் போரில் ஊரை இழந்து அலைந்துகொண்டிருந்த வீரர்களும் சேர்ந்து அதை வளைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டு, கடைசியில் அழித்தார்கள். அந்த இடத்தில் இனி யாரும் ஊர் கட்டக் கூடாது என்று தடையும் போட்டார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் அபியோகுட்டா என்ற நகரத்தில் குடியேறினார்கள். 2004இல் இந்த நாடகம் இங்கிலாந்தில் முதன்முதலாக மேடையேறியபோது நைஜீரிய ஜனாதிபதியாக இருந்த ஒபசான்ஜோ அந்த ஓவு வழியில் வந்தவர்தான். அதாவது, மேடையில் அழுகிறவர்கள் அந்த மக்களுக்குச் சொந்தப் பாட்டிகள்.

தொடக்கத்தைப் பாருங்கள். ஊரை நிறுவி, பிறகு தெய்வமாகிவிட்ட மூதாதை அன்லுக்புவா ஒரு கிழவராக வருகிறார். எதிர்ப்படும் பெண்களிடம், தூரத்தில் தெரிகிறதே, அது என்ன புகை என்று கேட்கிறார். தன் ஊர் எரிந்துபோனதே அவருக்குத் தெரியாது! ஆபத்து என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கிறார். யூரிப்பிடிஸிலும் முதலில் ஒரு கடவுள் வருகிறார், சரி. ஆனால் போசைடனுக்கு நடந்ததெல்லாம் தெரியும். இந்தக் கிழவரோ அந்தப் பெண்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

அப்புறம், படையெடுத்து வந்தவர்கள் ‘உங்களை விடுவிக்க வந்தோம்’ என்கிறார்கள். பெண்களோ, அதெல்லாம் பொய், உங்கள் கண் அபோமு சந்தையின் மேல்தான் என்கிறார்கள். ஈராக் போர் மனதில் இருக்கும்போதுதான் எழுதினேன் என்று ஒஸோஃபிசானே சொல்லியிருக்கிறார். அதற்காக ஓவுவை அவர் புனிதமாக்கவும் இல்லை. அதே அபோமு சந்தையில் சக யொரூபாக்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற பழி ஓவுவின் மேல் உண்டு, லாவுமி என்ற தெய்வம் அதைச் சொல்லித்தான் கொதிக்கிறது. கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் விற்றது, அடுத்த வருஷமே யூரிப்பிடிஸ் தன் நாடகத்தை அதே ஏதென்ஸ்காரர்கள் முன்னால் போட்டார். சொந்த ஜனத்திடமே கேள்வி கேட்கிற அந்தத் துணிச்சலை ஒஸோஃபிசான் எடுத்துக்கொண்டார், கதையும் அழுகையும் யொரூபாவுடையவை. அதனால்தான் பாட்டுகளை யொரூபா மொழியிலேயே வைத்திருக்கிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாக வாசித்தோம். அடுமாடான் என்ற ஓவு நகரத்துத் தாயின் கைக்குழந்தையைக் கொல்ல உத்தரவு வரும் இடத்தில், அவள் வசனத்தை வாசித்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டார். புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாராவது வாசியுங்கள் என்றார். கொஞ்ச நேரம் யாருமே கை நீட்டவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உரிய அனுமதி வாங்கி அந்த முதல் காட்சியையாவது தமிழில் வெளியிடுங்கள். பாட்டுகளை மட்டும் யொரூபாவிலேயே விட்டு, பொருளைக் கீழே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்