பாகன் பேரரசு 1287-ல் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பகுதியில், பர்மாவின் பழைய பேரரசைப் பற்றி “1287-ல் மங்கோலியர் படையெடுப்பால் பாகன் பேரரசு அழிந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரங்கூனில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன், பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நடந்தது என்ன? சீனருக்கு (அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியருக்கு) அஞ்சி ஓடிய அரசன் என்று பர்மிய வரலாற்று நூல்கள் சொல்லும் பாகன் மன்னர் நரதிகபதேயை, பியே நகரில் அவருடைய மகனே நஞ்சு கொடுத்துக் கொன்றான். சரி, அரசன் போனான். ஆனால் இன்னொரு மகன் சோசுவா 1289-ல் பாகனிலேயே முடிசூடினார், மியின்சாயிங் ஊரை ஆண்ட மூன்று சகோதரர்கள் சேர்ந்து அவரை அரியணையிலிருந்து இறக்கியது 1297-ல்தான், அதற்கப்புறமும் அந்த வம்சத்தார் பல ஆண்டுகள் பாகன் நகரை மட்டும் பேருக்கு ஆண்டார்கள். மங்கோலியப் படை பாகனை எட்டவே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

1287 என்று சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. அதே ஆண்டில்தான் தெற்கே கடற்கரை நகரான மார்த்தபானில் வாரேரு என்ற தலைவர் தனியரசு அறிவித்தார், கடற்கரை கையைவிட்டுப் போனது. தலைநகரை ஆண்டவர் யார் என்று பார்ப்பவர் 1297 என்பார், தூரத்து ஊர்கள் யாருக்குக் கட்டுப்பட்டன என்று பார்ப்பவர் 1287 என்பார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். எந்தக் கேள்விக்கு இந்த விடை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் ஆண்டை மட்டும் கொடுப்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் சோழர் கதையும் இதுதான். 1279 என்று எல்லாரும் எழுதுகிறோம். கடைசிச் சோழ மன்னர் மூன்றாம் இராசேந்திரனின் பெயரில் நமக்குக் கிடைத்த கடைசிக் கல்வெட்டுகளின் காலம் அது, அவ்வளவுதான். அவர் எப்படி இறந்தார், போரில் தோற்றாரா என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே பாண்டியருக்கு அடங்கிப் போனவர் அவர். நாளை இன்னொரு கல் கிடைத்தால் அந்த ஆண்டும் நகரும். விஜயநகரத்தையும் பாருங்கள், அதை வீழ்த்தியதாகச் சொல்லும் தலைக்கோட்டைப் போர் 1565-ல் நடந்தது, ஆனால் வெள்ளைக்காரர் சென்னையில் கால் ஊன்றிய 1639-லும் அந்தப் பேரரசின் பெயரில் ஓர் அரசர் இருந்தார்.

அடுத்த இதழில் சோசுவாவைப் பற்றியும் 1297 பற்றியும் நாலு வரி போடுங்கள். இடம் இருந்தால், பாகனுக்குத் தெற்கே மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் சேருங்கள். மலைமண்டலத்திலிருந்து (இன்றைய கேரளம்) வந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்ததைச் சொல்லும் கல் அது. வரலாற்றாசிரியர்கள் எதை வைத்துக் காலம் கணிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலேயே எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
இரங்கூன்