வடசென்னை அச்சக, ஃப்ளெக்ஸ் நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

ஆண்டர்சன் தெருவின் அழைப்பிதழ்க் கடைகளிலும், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பகுதிகளின் ஃப்ளெக்ஸ் அச்சகங்களிலும் மாதச் சம்பளத்துக்கோ, ஒரு டிசைனுக்கு இவ்வளவு என்ற கூலிக்கோ கணினி முன் அமர்ந்திருக்கும் வடிவமைப்பாளர்களில் நானும் ஒருவன். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எங்கள் வேலையில் எது குறைந்தது, எது கூடியது என்ற கணக்கு உங்கள் பில் புத்தகத்தில் தவறாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

வாடிக்கையாளர் இப்போது கைப்பேசியிலேயே ஒரு படத்தை உருவாக்கி எடுத்து வருகிறார். “டிசைன் தயாராக இருக்கிறது, எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்று சொல்லி அதை எங்களிடம் தருகிறீர்கள், கூலியும் பாதியாகிறது. அந்தப் படம் அச்சுக்குப் போகும் நிலைக்கு வர என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதைத் தயவுசெய்து ஒருமுறை எங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். 1024 புள்ளி அகலமுள்ள படம், அழைப்பிதழுக்குரிய 300 டி.பி.ஐ. தரத்தில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மூன்றரை அங்குல அகலத்துக்குக்கூடப் போதாது. வாட்ஸ்அப் வழியாக வந்தால் அதன் தரம் மேலும் குறைந்திருக்கும். திரையில் ஒளிரும் மயில்பச்சை, நான்கு வண்ண மையில் மங்கிப்போகும். காகிதத்தை வெட்டும்போது போகும் ஓரத்துக்கு இடம் விட்டிருக்காது. எல்லாம் ஒரே படலமாக இருப்பதால், ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் அதன் பின்னாலுள்ள கோலத்தையும் பூவையும் மீண்டும் வரைந்தாக வேண்டும்.

தமிழ் எழுத்து இருந்தால் வேலை இன்னும் கூடும். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போயிருக்கும். சில சமயம் எந்த மொழியிலும் இல்லாத ஒரு வடிவம், பார்வைக்குத் தமிழ் போலவே, முழு வரியாக நிற்கும். இந்தக் கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறி வருகின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பிழை குறையக் குறைய அதைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. பத்துப் பிழை உள்ள வரி யார் கண்ணிலும் படும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரின் பெயரில் ‘ழ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’ இருப்பது, தமிழைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். தப்பி அச்சாகிவிட்டால் பிளேட்டுக்கும் (அச்சுத் தகடு) காகிதத்துக்கும் ஆன செலவை எங்கள் கூலியில் பிடிக்கும் கடைகள் இருக்கின்றன. பிழைக்குப் பொறுப்பு எங்களுடையது என்றால், பிழை பார்த்ததற்கான கூலியும் எங்களுடையதாக இருப்பதே நியாயம்.

உங்கள் நெருக்கடியும் எங்களுக்குத் தெரியும். யாரும் தாங்களே டிசைன் செய்துகொள்ள உதவும் கான்வா இணையத்தளம் 2013இல் வந்ததிலிருந்தே சிறு வேலைகள் கடைக்கு வராமல் போகத் தொடங்கின; பக்கத்துக் கடைக்காரர் இன்னும் குறைத்துக் கேட்கிறார். ஆனாலும், ஃப்ளெக்ஸ் இயந்திரங்கள் வந்தபோது கையால் பேனரும் கடைப் பலகையும் எழுதிய ஓவியர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு எங்களோடு அமர்ந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் வெள்ளையடிக்கவும் வேறு கூலி வேலைக்கும் போனார்கள். அவர்களோடு, எழுத்தின் தடிப்பையும் இடைவெளியையும் அளவுகோல் இல்லாமல் நிறுத்தும் கையும் போய்விட்டது.

இப்போது எனக்குப் பெரிய கவலை அடுத்து வருகிறவர்களைப் பற்றியது. ஒரு பையனோ பெண்ணோ இந்தத் தொழிலுக்குள் நுழைவது பின்னணி வெட்டுவது, மேட்டர் (அச்சாக வேண்டிய வாசகம்) அடிப்பது, அளவு மாற்றுவது போன்ற சிறு வேலைகளின் வழியாகத்தான். கைப்பேசியிலும் இணையத்திலும் புழங்கும் யூனிகோட் எழுத்து முறையில் வரும் மேட்டரைக் கடையின் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, மாற்றத்தில் உடைந்த எழுத்துகளைத் தேடித் திருத்தும்போதுதான் கண் பழகும். அந்தப் படிகளையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டதால் வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வேலை கேட்டு வரும் பிள்ளைகளை “இப்போது ஆள் தேவையில்லை” என்று திருப்பி அனுப்புகிறோம். சில ஆண்டுகள் கழித்துப் பிழை பார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டுமென்றால் எங்கிருந்து வருவார்? சீசன் காலத்திலாவது ஒவ்வொரு கடையும் ஒரு பயிற்சியாளரைச் சம்பளத்தோடு வைத்து, பிழை பார்ப்பதையும் அச்சுக்குத் தயார் செய்வதையும் முறையாகக் கற்றுத்தர வேண்டும்.

படத்தைச் சீர்செய்வது, தமிழ் பிழை பார்ப்பது, அச்சுக்கு ஃபைல் தயாரிப்பது ஆகியவற்றை வாடிக்கையாளரின் பில்லில் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். வாடிக்கையாளர் ஒப்புதல் கையெழுத்திட்ட ப்ரூஃபில் (மாதிரிப் படி) இருந்த பிழைக்கு எங்கள் கூலியில் கை வைக்காதீர்கள். தனியாகத் தொழில் செய்து, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்ற வடிவமைப்பாளர்களுக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் சேர வேண்டும். இது சலுகையன்று, சட்டம்.

எங்கள் பழைய ஓப்பன் ஃபைல்களை, அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்புகளை, பற்றியும் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையில் உருவாக்கியது நிறுவனத்துக்கே உரியது. ஆனால் வெளியிலிருந்து செய்து தருபவரின் உரிமை கைமாற வேண்டுமானால் எழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கே செல்லும். அவர்கள் வரைந்த சின்னங்களையும் பார்டர்களையும், “இதைப் போல இன்னொன்று” என்று இயந்திரத்துக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தை மாதத் திருமண வேலைகள் குவியும் முன், கடைக்கு ஓர் உரிமையாளரும் ஒரு வடிவமைப்பாளருமாக ஒருநாள் மாலை சேர்ந்து அமர்ந்து, பில்லில் வர வேண்டிய வரிகளையும் குறைந்தபட்சக் கூலியையும் எழுதி முடிவு செய்யலாம். நாளையும் இடத்தையும் நீங்களே சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர்